லேப்டாப் பேட்டரியைக் கண்டறியவே இல்லை: பழுது பேட்டரியிலா, போர்டிலா?

கேள்வி: ஏலக்கணக்கு, காசிமேடு

அனைவருக்கும் வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு உரிமையாளர்கள் சிலருக்கு ஏலக் கணக்கு, டீசல் கணக்கு, ஐஸ் கணக்கு எழுதித் தருவது என் தொழில். விடியற்காலையில் ஏலம் நடக்கும் இடத்திலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்து, எடை, விலை, வாங்கியவர் விவரம் ஆகியவற்றை உடனுக்குடன் பதிவு செய்துவிடுவேன். நான் நிற்கும் இடத்தில் மின் இணைப்புக்கு வழி இல்லை என்பதால் பேட்டரி இல்லாமல் என் வேலை நடக்காது.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை லேப்டாப்புக்கு வேலை இல்லாததால், அதைப் பையோடு பீரோவில் வைத்துவிட்டேன். படகுகள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியதும் எடுத்துப் பார்த்தால், பவர் பொத்தானை அழுத்தியும் எந்த அசைவும் இல்லை. சார்ஜரைச் செருகியதும் விண்டோஸ் வழக்கம்போல் திறக்கிறது. ஆனால் திரையின் கீழ் வலது மூலையில் உள்ள பேட்டரிப் படத்தின் மேல் பெருக்கல் குறி விழுந்திருக்கிறது, அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோனால் ‘நோ பேட்டரி இஸ் டிடெக்டட்’ என்று வருகிறது. சார்ஜர் ஒயரை உருவினால் அந்த நொடியே லேப்டாப் அணைந்துவிடுகிறது. சார்ஜ் ஏறுவதைக் காட்டும் ஆரஞ்சு விளக்கும் எரியவில்லை.

லேப்டாப் வாங்கி ஐந்தாவது ஆண்டு நடக்கிறது. பேட்டரி உள்ளே வைத்துத் திருகப்பட்டது. அடி மூடியைக் கழற்றினால்தான் தெரியும். கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. ஒரு கடையில் மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். இன்னொரு கடையில் முதலில் பேட்டரியை மாற்றிப் பார்ப்போம், அதற்கும் சரிவரவில்லை என்றால் போர்டைப் பார்ப்போம் என்றார்கள். இரண்டு இடத்திலும் மூடியைத் திறக்காமலே சொன்ன பதில் இது. போர்டுக்குக் கேட்கும் தொகைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பழைய லேப்டாப் ஒன்றே வாங்கிவிடலாம். எதில் பழுது என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வழி இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: மின்னியல் மாணவி, வியாசர்பாடி

வணக்கம் அண்ணா. விண்டோஸ் பக்கத்துச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். அதற்குச் செலவு எதுவும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் ‘பேட்டரிஸ்’ என்ற தலைப்பின் கீழ் ‘மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ கம்ப்ளையன்ட் கன்ட்ரோல் மெத்தட் பேட்டரி’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் மேல் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்துவிட்டு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானாகவே அதை மறுபடி நிறுவிக்கொள்ளும். இணையம் கூடத் தேவைப்படாது. விண்டோஸுக்குப் பதிலான உபுண்டு என்ற இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவ் யாரிடமாவது இருந்தால், அதிலிருந்து லேப்டாப்பைத் திறந்தும் பார்க்கலாம். அங்கேயும் பேட்டரி தெரியவில்லை என்றால் விண்டோஸ் மேல் பழி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பதில்: பழுதுமேசை, பழைய வண்ணாரப்பேட்டை

வணக்கம் ஐயா. தங்கை சொன்னதைச் செய்யுங்கள். அதோடு பயாஸிலும் ஒரு முறை பாருங்கள். லேப்டாப்பைத் திறக்கும்போது எஃப்2 அல்லது எஃப்10 பொத்தானை விட்டு விட்டு அழுத்தினால் பயாஸ் வரும். அதில் பேட்டரி பற்றிய பக்கம் பல லேப்டாப்புகளில் உண்டு. இல்லாவிட்டால் அந்த நிறுவனத்தின் டயக்னாஸ்டிக்ஸ் திரையில் இருக்கும். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே வரும் திரை அது என்பதால், அங்கேயும் ‘நாட் இன்ஸ்டால்டு’ என்று இருந்தால் டிரைவரை எத்தனை முறை அழித்துப் போட்டாலும் பயன் இல்லை.

இந்தப் புகாரில் பலர் இரண்டு வெவ்வேறு நோய்களை ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ‘ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்’ என்று வந்தால் லேப்டாப்புக்குப் பேட்டரி தெரிகிறது, ஆனால் சார்ஜ் ஏற்றவில்லை என்று பொருள். அதற்குச் சார்ஜர் காரணமாக இருக்கலாம். டெல், எச்பி லேப்டாப்புகள் பலவற்றின் சார்ஜர் முனையின் நடுவே இருக்கும் மெல்லிய ஊசி, ‘நான் இத்தனை வாட் சார்ஜர்’ என்று லேப்டாப்புக்குச் சொல்வதற்கானது. அது ஒடிந்தால் லேப்டாப் ஓடும், பேட்டரியும் தெரியும், சார்ஜ் மட்டும் ஏறாது. இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதே என்ற அமைப்பை யாரோ இயக்கி வைத்திருந்தாலும் இதே வாசகம்தான் வரும். உங்களுக்கு வருவது வேறு. ‘நோ பேட்டரி’ என்றால், பேட்டரியிடமிருந்து லேப்டாப்புக்குப் பதிலே வரவில்லை என்று பொருள்.

லேப்டாப் பேட்டரி வெறும் செல்களின் கட்டு அல்ல. அதன் உள்ளே ஒரு சிறு போர்டும், அதில் செல்களின் வோல்டேஜ், வெப்பம், மீதி இருக்கும் சார்ஜ் ஆகியவற்றைக் கணக்கிடும் ஒரு ஐசியும் இருக்கின்றன. பேட்டரி கனெக்டரில் தடிமனான சிவப்பு, கறுப்பு ஒயர்களோடு சில மெல்லிய ஒயர்களும் வருவதைப் பார்க்கலாம். அவற்றில் ஒன்று கிளாக், ஒன்று டேட்டா. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் எஸ்எம்பஸ் என்ற தொடர்பு. 1995-இல் இன்டெல் வகுத்த அந்த முறையைத்தான் இன்றைய லேப்டாப்புகளும் பெரும்பாலும் பின்பற்றுகின்றன. மீதி ஒயர்கள் வெப்பத்தை அறியவும், பேட்டரி செருகப்பட்டிருக்கிறதா என்று அறியவும் பயன்படுகின்றன. மதர்போர்டில் இருக்கும், நாங்கள் ஐஓ ஐசி என்று சொல்லும் சிப், அந்த மெல்லிய ஒயர் வழியாகப் பேட்டரியை விசாரித்த பிறகே தடிமனான ஒயரில் சார்ஜ் கொடுக்க உத்தரவிடுகிறது. வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் வயர்லெஸ்ஸில் தன் விவரத்தைச் சொல்லாதவரை சென்னைத் துறைமுகம் அதை உள்ளே விடாது அல்லவா, அதே முறைதான் இங்கேயும்.

ஆகவே பதில் வராததற்குக் காரணம் மூன்று இடங்களில் ஒன்றாகத்தான் இருக்கும்: பேட்டரிக்குள் இருக்கும் ஐசி பேசவில்லை, கனெக்டரிலோ ஒயரிலோ தொடர்பு அறுந்திருக்கிறது, அல்லது போர்டின் ஐஓ ஐசிப் பக்கம் கோளாறு. இதில் மூன்றாவதுதான் மிக அரிது, செலவும் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சார்ஜரை முழுவதுமாக உருவிவிட்டு அடி மூடியைத் திறங்கள். பேட்டரி எங்காவது உப்பியிருந்தாலோ, மூடுவதற்குச் சிரமமாக இருந்தாலோ, டச்பேட் மேலே தூக்கியிருந்தாலோ அதோடு நிறுத்திவிடுங்கள். அந்தப் பேட்டரியை இனி எந்தக் காரணத்துக்காகவும் சார்ஜ் செய்யக் கூடாது. உப்பவில்லை என்றால், கனெக்டரை அதன் பிளாஸ்டிக் பகுதியைப் பிடித்து மெதுவாகக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் மெல்லிய ஒயர் உள்ளே அறுந்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. பேட்டரியும் சார்ஜரும் இல்லாத நிலையில் பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். போர்டில் தங்கியிருக்கும் மின்னேற்றம் வடிந்து ஐஓ ஐசி புதிதாகத் தொடங்கும். சில நேரம் இதுவே போதும்.

கனெக்டரின் ஊசிகளையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தை வைத்து இதை வலியுறுத்திச் சொல்கிறேன். காசிமேடு, ராயபுரம், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து என் மேசைக்கு வரும் லேப்டாப்புகளில் உப்புக்காற்றின் வேலையை அடிக்கடி பார்க்கிறேன். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் செம்பு பச்சைப் பொடியாகப் பூக்கும். தடிமனான ஒயரின் ஊசியில் அது கொஞ்சம் இருந்தாலும் மின்சாரம் பாய்ந்துவிடலாம். டேட்டா ஊசியில் படிந்தால் பேச்சு அறுந்துவிடும். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் இரண்டு பக்கமும் தேய்த்து, முழுவதும் உலர்ந்த பிறகு செருகுங்கள். எண்ணெய் ஸ்பிரே எதுவும் அடிக்காதீர்கள்.

ஏலக்கணக்கு, காசிமேடு

விரிவான பதிலுக்கு மிக்க நன்றி ஐயா. தங்கைக்கும் நன்றி.

டிவைஸ் மேனேஜரில் அந்த வரியே இல்லை, ஏசி அடாப்டர் வரி மட்டும் இருக்கிறது. பயாஸிலும் ‘பேட்டரி: நாட் இன்ஸ்டால்டு’ என்றே வருகிறது. மூடியைத் திறந்து பார்த்தேன். பேட்டரி தட்டையாக இருக்கிறது, உப்பவில்லை. கனெக்டரில் எட்டு ஊசிகள். ஓரத்து ஊசிகள் பொன்னிறமாகவே இருக்கின்றன. நடுவில் இரண்டு ஊசிகளின் அடியில் மட்டும் நீங்கள் சொன்ன பச்சைப் பொடி, தீக்குச்சி முனையால் தொட்டால் உதிர்கிற மாதிரி படிந்திருந்தது. ஆல்கஹால் போட்டுத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டுச் செருகினேன். அப்போதும் பேட்டரி தெரியவில்லை.

எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் மைத்துனர் மல்டிமீட்டர் வைத்துப் பேட்டரியின் சிவப்பு, கறுப்பு ஒயர்களுக்கு இடையே அளந்தார். சுழியம் காட்டியது. லேபிளில் 11.4 வோல்ட், 41 வாட் ஹவர் என்று இருக்கிறது. சுழியம் என்றால் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு செய்துவிடலாமா?

பதில்: கடலோரம், திருவொற்றியூர்

நண்பரே, எனக்கு இதேபோல் ஆனபோது கடைக்காரர் பேட்டரியின் உறையைப் பிரித்து, வெளியிலிருந்து செல்களுக்கு நேரடியாகக் கொஞ்சம் சார்ஜ் கொடுத்தார், பேட்டரி விழித்துக்கொண்டது. புதிய பேட்டரி வாங்கும் முன்பு அதையும் கேட்டுப் பாருங்கள்.

பதில்: பழுதுமேசை, பழைய வண்ணாரப்பேட்டை

முதலில் மல்டிமீட்டர் காட்டிய சுழியத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. பல பேட்டரிகளில், கனெக்டர் லேப்டாப்பில் செருகப்பட்டிருக்கிறது என்று ‘சிஸ்டம் பிரசென்ட்’ என்ற மெல்லிய ஊசி வழியாக உறுதியான பிறகுதான், உள்ளே சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்பெட் திறந்து வெளி ஒயருக்கு வோல்டேஜ் வரும். கையில் எடுத்து அளந்தால் நல்ல பேட்டரியும் சுழியம் காட்டக்கூடும். எந்த ஊசி அது என்பது மாதிரிக்கு மாதிரி வேறுபடும். தெரியாமல் ஊசிகளை ஒயரால் இணைத்துப் பார்க்க வேண்டாம் என்று உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் தடைக்காலத்தைப் பற்றி எழுதியிருப்பது முக்கியமான தடயம். லேப்டாப் அணைந்திருந்தாலும் பேட்டரியின் ஐசியும் போர்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜை எடுத்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே குறைந்த சார்ஜோடு வைத்த, ஐந்து ஆண்டு உழைத்த பேட்டரி என்றால், இரண்டு மாதத்தில் செல்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடுவது நடக்கக் கூடியதே. முழு சார்ஜில் ஏறத்தாழ 4.2 முதல் 4.4 வோல்ட் வரை இருக்கும் லித்தியம் செல், 2.5 வோல்ட்டுக்கும் கீழே போனால் ஆபத்தான நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்த ஐசிக்கு மின்சாரம் கொடுப்பதும் அதே செல்கள்தான் என்பதால் ஐசியும் அணைந்துவிடும். அதன் பிறகு லேப்டாப் எத்தனை முறை விசாரித்தாலும் பதில் சொல்ல ஆள் இல்லை.

சில லேப்டாப்புகள் இந்த நிலையிலும் மிகச் சிறிய அளவில் மின்சாரம் கொடுத்து ஐசியை எழுப்பப் பார்க்கும். அதற்காக லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைச் செருகி, சில மணி நேரம் கண்ணில் படும் இடத்தில் விட்டுப் பாருங்கள். இரவு தூங்கும்போது வைக்காதீர்கள். மெத்தை, சோபா மேல் வைக்காதீர்கள். லேப்டாப் தன் பாதுகாப்பு வரம்புக்குள் நின்று செய்யும் வேலை என்பதால் இதைச் செய்யலாம்.

திருவொற்றியூர் நண்பர் சொன்ன வழியை நான் எதிர்க்கிறேன். அவர் மேல் வருத்தம் எதுவும் இல்லை, அது பல மேசைகளில் நடப்பதுதான். செல் அளவுக்கு மீறி வடிந்துபோகும்போது அதன் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேண்டாத இடத்தில் படிகிறது. அது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆவதற்கு வழி வைக்கும். எழுந்துகொண்ட பேட்டரி சில வாரம் ஓடும், பிறகு ஒரு நாள் சூடாகிப் புகையும். நீங்கள் அதை மடியில் வைத்து, கூட்டத்துக்கு நடுவே வேலை செய்பவர். மேலும் பல பேட்டரிகளில் ஐசி, செல் இவ்வளவு கீழே போனதைப் பார்த்ததும் நிரந்தரப் பழுது என்று தன் நினைவகத்தில் குறித்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும். செல்லை மாற்றினாலும் திறக்காது. அந்தப் பூட்டு நம் உயிருக்காக வைத்தது, அதை உடைப்பதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

போர்டைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்க ஒரே உறுதியான வழி, வேலை செய்கிறது என்று தெரிந்த அதே எண்ணுள்ள பேட்டரியைக் கொஞ்ச நேரம் செருகிப் பார்ப்பதுதான். லேப்டாப் மாதிரி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, பேட்டரியின் பார்ட் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால், சிப் லெவல் வேலை, அதாவது போர்டில் உள்ள சிறு பாகங்களைச் சோதித்து மாற்றும் வேலை செய்பவரிடம் கொடுத்து, பேட்டரி இல்லாமல் சார்ஜரில் ஓடும்போது போர்டு கனெக்டரின் கிளாக், டேட்டா ஊசிகளில் 3.3 வோல்ட் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் வந்தால் போர்டுப் பக்கம் பெரும்பாலும் நலம். ஒன்றில் வரவில்லை என்றாலும்கூட, பெரும்பாலும் அந்த வழித்தடத்தில் இருக்கும் ஒரு சிறு ரெசிஸ்டரோ டயோடோதான் போயிருக்கும்; அதற்கு முழு போர்டை மாற்ற வேண்டியதில்லை. ஊசிகள் நெருக்கமாக இருப்பதால் வீட்டில் இதை அளக்க வேண்டாம். மீட்டர் முனை வழுக்கிப் பக்கத்து ஊசியைத் தொட்டால், நன்றாக இருக்கும் ஐஓ ஐசியும் அந்த நொடியில் போய்விடும்.

ஏலக்கணக்கு, காசிமேடு

ஐயா, சார்ஜரில் வைத்துப் பார்த்ததில் மாற்றம் இல்லை. ஆனால் பெரம்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் இதே மாதிரி லேப்டாப் இருப்பது நினைவுக்கு வந்தது. பேட்டரியின் எண்ணும் ஒன்றாகவே இருந்தது. அவர் வீட்டுக்குப் போய், அவருடைய பேட்டரியை என் லேப்டாப்பில் செருகிச் சார்ஜரைக் கொடுத்ததும் ஆரஞ்சு விளக்கு உடனே எரிந்தது. பயாஸில் பேட்டரியின் எண், சார்ஜ் 64 விழுக்காடு, எல்லாம் வந்துவிட்டன. விண்டோஸிலும் சரியாகத் தெரிந்தது. அப்படியானால் போர்டில் குறை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? புதிய பேட்டரி வாங்க ரிச்சி தெருவுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: பழுதுமேசை, பழைய வண்ணாரப்பேட்டை

போர்டு நலம் ஐயா, இனி அதற்காக யாருக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். கனெக்டரைத் துடைத்ததும் வீண் வேலை அல்ல. அந்தப் பச்சைப் பொடியை அப்படியே விட்டிருந்தால் புதிய பேட்டரியின் ஊசிக்கும் பரவியிருக்கும்.

பழைய பேட்டரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பார்ட் நம்பர், கனெக்டரின் வடிவம், ஒயரின் நீளம், திருகாணித் துளைகள் நான்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரே லேப்டாப் மாதிரியில் 3 செல், 4 செல் என்று இரு வகைப் பேட்டரிகள் வருவது உண்டு. லேபிளில் உள்ள எண்களையும் பெருக்கிப் பாருங்கள்: உங்கள் 11.4 வோல்ட், 3600 மில்லி ஆம்பியர் ஹவர் (அதாவது 3.6 ஆம்பியர் ஹவர்) என்றால் 41 வாட் ஹவர் வரும். இதே அளவு உறைக்குள் 6000 மில்லி ஆம்பியர் ஹவர் என்று அச்சிட்டு, வாட் ஹவர் கணக்குப் பொருந்தாமல் இருந்தால் அதை வாங்காதீர்கள். லேபிளில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் முத்திரையும், ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுக் கடையில் நின்றே சரிபார்க்கலாம். உற்பத்தித் தேதியையும் கேளுங்கள். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த ‘புதிய’ பேட்டரியும் உங்கள் பழைய பேட்டரி போன நிலைக்குப் போயிருக்கலாம்.

பொருத்தியதும் கமாண்ட் பிராம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி /பேட்டரிரிப்போர்ட்’ என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுங்கள். அது உருவாக்கும் கோப்பில் ‘டிசைன் கெபாசிட்டி’, ‘ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி’ என்று இரண்டு அளவுகள் இருக்கும். புதிய பேட்டரியில் இரண்டும் நெருக்கமாக இருக்க வேண்டும். வெகு தூரம் விலகியிருந்தால் வாரண்டிச் சீட்டோடு திரும்பப் போய் மாற்றிக் கேளுங்கள்.

பழைய பேட்டரியை வீட்டுக்கு வரும் குப்பை வண்டியில் போட வேண்டாம். வண்டியில் நசுங்கினாலோ, கொடுங்கையூர்க் குப்பை மேட்டில் புல்டோசர் ஏறினாலோ லித்தியம் செல் தீப்பிடிக்கும், அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் பக்கத்து மக்கள்தான். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பேட்டரியைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியது பயன்படுத்துபவரின் கடமை, திரும்ப எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டியது உற்பத்தியாளரின் கடமை. கனெக்டரின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, வாங்கும் கடையிலோ மின்கழிவு சேகரிக்கும் இடத்திலோ கொடுத்துவிடுங்கள்.

பதில்: மின்னியல் மாணவி, வியாசர்பாடி

போர்டு தப்பியது மிகவும் மகிழ்ச்சி அண்ணா. அடுத்த ஏப்ரலில் லேப்டாப்பை எடுத்து வைக்கும்போது சார்ஜை ஏறத்தாழ 50 விழுக்காட்டில் விட்டு, முழுவதுமாக ஷட்டவுன் செய்து வையுங்கள். ஸ்லீப்பில் விட வேண்டாம். மாதம் ஒரு முறை எடுத்துப் பார்த்து, 30-க்குக் கீழே போயிருந்தால் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். சில லேப்டாப்புகளின் பயாஸில் ‘டிசேபிள் பில்ட் இன் பேட்டரி’ என்று ஒரு வரி இருக்கும். அதைக் கொடுத்தால் பேட்டரி போர்டிலிருந்து துண்டிக்கப்பட்டு, அடுத்த முறை சார்ஜரைச் செருகும்போது தானாகவே சேர்ந்துகொள்ளும். உங்கள் பயாஸில் அது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் தடைக்காலத்துக்கு அதுதான் ஏற்றது.